எந்த விளக்கை முதலில் மாற்றுவது? வீட்டுக்கும் பனியன் கம்பெனிக்கும் ஒரு விளக்குக் கணக்கு

கரண்ட் பில் கூடிவிட்டது என்றவுடன் எலக்ட்ரிகல் கடைக்குப் போய் ஒரு பெட்டி எல்இடி பல்பு வாங்கி வந்து, கண்ணில் பட்ட ஹோல்டரில் எல்லாம் மாட்டிவிடுகிறோம். அடுத்த பில்லைப் பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் குறைந்திருக்காது. காரணம் எளிது. மாற்றியவை பெரும்பாலும் இரவில் இரண்டு மணி நேரம் எரிகிற அறை விளக்குகள். வாசலில் விடிய விடிய எரிகிற குண்டு பல்பை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். எத்தனை வாட் என்பதை மட்டும் பார்க்காமல் எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதையும் பார்த்து வரிசை போட்டால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

நோட்டும் மீட்டரும்

ஒரு நாள் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் மூன்று விவரம் போதும்: எங்கே இருக்கிறது, எத்தனை வாட், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது. 2015-இல் மலிவு விலையில் எல்இடி தரும் உஜாலா திட்டம் வந்த பிறகு எல்இடி விலை மளமளவென்று இறங்கிவிட்டதால் நடுவீட்டில் இன்று குண்டு பல்பு கிடைப்பது அரிது. அது ஒளிந்திருப்பது கட்டுத்தரையில், மோட்டார் அறையில், சாமி அறையில், வெளிக் கழிப்பறையில். அங்கேயும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

வாட்டை எழுதும்போது இரண்டு இடத்தில் ஏமாறுவோம். பழைய டியூப் லைட்டின் மேல் 36 என்றோ 40 என்றோ போட்டிருக்கும். ஆனால் இரும்புச் சோக்கும் தன் பங்குக்குத் தின்பதால் மொத்தம் ஏறத்தாழ 50 வாட் ஆகிவிடும். இன்னொன்று, படுக்கையறையில் இரவெல்லாம் எரிகிற ஜீரோ வாட் பல்பு. பெயரை நம்ப வேண்டாம், பழைய வகை 15 வாட் வரை இழுக்கும். அதற்குப் பதிலாக வருகிற எல்இடி இரவு விளக்குக்கு அரை வாட் போதும்.

பெருந்துறைப் பக்கத்து வீடு ஒன்றை மனதில் வைத்துக் கணக்குப் போடுவோம். ஹாலில் டியூப் லைட் 6 மணி நேரம், சமையலறையில் 4, இரண்டு படுக்கையறையில் இரண்டிரண்டு மணி நேரம், இரண்டு ஜீரோ வாட் பல்பு 9 மணி நேரம், குளியலறையில் 40 வாட் பல்பு 2 மணி நேரம், வாசலில் 60 வாட் பல்பு சாயங்காலம் 6-லிருந்து காலை 6 வரை. வாட்டையும் மணியையும் பெருக்கி, 60 நாளால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் இரண்டு மாத யூனிட் வந்துவிடும். மொத்தம் 106 யூனிட். அதில் வாசல் விளக்கு மட்டும் 43. இரண்டு ஜீரோ வாட் பல்புகள் சேர்ந்து 16. அதாவது இரண்டு படுக்கையறை டியூப் லைட்டுகளும் சேர்ந்து தின்பதைவிட அதிகம்!

இதே வீட்டில் டியூப் லைட்டுகளை 20 வாட் எல்இடியாகவும், வாசலை 9 வாட்டாகவும், குளியலறையை 7 வாட்டாகவும், இரவு விளக்கை அரை வாட்டாகவும் மாற்றினால் மொத்தம் 25 யூனிட்டுக்குள் அடங்கிவிடும், 81 யூனிட் மிச்சம். ஒரேயடியாகக் காசு போட முடியாதவர்கள் வாசல் பல்பையும் இரவு விளக்குகள் இரண்டையும் மட்டும் இன்றைக்கே மாற்றட்டும். 200 ரூபாய்கூட ஆகாது. பாதிக்கு மேல் மிச்சம் அந்த மூன்றில்தான் இருக்கிறது.

கணக்கு சரியா என்று மீட்டரிலேயே சோதிக்கலாம். மின்னணு மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று எடுத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ், மின்விசிறி, டிவி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு விளக்குகளை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை மின்னல் என்று எண்ணுங்கள். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு ஒரு மின்னல் என்றால் ஏறக்குறைய 19 வாட். மேலே சொன்ன வீட்டில் மாற்றுவதற்கு முன் 17, 18 முறை மின்னும். மாற்றிய பிறகு 5. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மின்னிக்கொண்டே இருந்தால் எங்கேயோ ஒன்று ஓடுகிறது. தேடிப் பிடியுங்கள்.

81 யூனிட் என்ன பணம்?

தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 என்ற கோட்டைப் பலர் கவனிப்பதில்லை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 501 ஆகிவிட்டால் அந்தச் சலுகை போய், அதே யூனிட்டுகளுக்கு 4.50 ரூபாய். 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய். ஆக 520 யூனிட் ஓடிய வீட்டுக்கு 2,110 ரூபாய். விளக்கில் 81 யூனிட் குறைத்து 439-க்கு இறக்கினால் 1,359 ரூபாய். இரண்டு மாதத்தில் 751 ரூபாய் மிச்சம். அதன் பிறகும் கட்டணம் ஏறியிருப்பதால் இன்று மிச்சம் இதற்குக் குறையாது. 250 யூனிட் ஓடுகிற சின்ன வீட்டில் இவ்வளவு மிஞ்சாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அட்டைப் பெட்டியைப் படிப்பது

கடையில் "நல்ல வெளிச்சமுங்க" என்று சொல்லி எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சத்தைச் சொல்வது லூமன், வாட் அல்ல. பழைய 60 வாட் குண்டு பல்பு 700 லூமன் அளவுக்குத்தான் தந்தது. இன்றைய 9 வாட் எல்இடி 800-லிருந்து 900 வரை தருகிறது. லூமனை வாட்டால் வகுத்தால் 100-க்குக் குறையாத பல்பு நல்லது. 70, 80 என்று வந்தால் விலை குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். லூமனே அச்சிடாத பல்பைக் கையிலேயே எடுக்க வேண்டாம். பிஐஎஸ் என்ற இந்தியத் தர முத்திரையும் அதன் அருகே 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மின்சிக்கனத்தைக் காட்டும் பிஇஇ நட்சத்திரம் எத்தனை என்றும் பாருங்கள்.

நிறம் கெல்வினில் இருக்கும். 3000 மஞ்சள் சாயல், 4000 இயல்பு, 6500 பளீர் வெள்ளை. நம் ஊரில் எல்லா அறைக்கும் 6500 வாங்குவது வழக்கமாகிவிட்டது. படுக்கையறைக்கும் திண்ணைக்கும் 3000 மாட்டிப் பாருங்கள், கண்ணுக்கு இதமாக இருக்கும். மின்செலவில் பெரிய வித்தியாசம் கிடையாது.

இழுக்கிற மின்சாரத்தில் எத்தனை பங்கு வேலைக்கு ஆகிறது என்று சொல்லும் பவர் ஃபேக்டர் 0.9-க்கு மேல் இருப்பது நல்லது. வீட்டுக்காரர் பில்லில் அது தெரியாது. நூற்றுக்கணக்கில் மாட்டுகிற கம்பெனிக்காரர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வாரண்டிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். எல்இடி பல்பில் முதலில் சாவது பெரும்பாலும் விளக்கு அல்ல, மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தர உள்ளே இருக்கும் டிரைவர். அதைக் கொல்வது சூடு. காற்றுப் புகாத கண்ணாடிக் குடுவைக்குள்ளும், சித்திரை வெயிலில் கொதிக்கிற தகரக் கூரையை ஒட்டியும் மாட்டினால் எந்த உயர்ந்த ரகமும் சீக்கிரம் போய்விடும். கூரையிலிருந்து ஓர் அடியாவது இறக்கித் தொங்கவிடுங்கள்.

மாட்டும்போது

பழைய டியூப் லைட் ஃபிட்டிங்கிலேயே எல்இடி டியூபை மாட்டுகிறவர்கள் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றிவிட வேண்டும். டியூபின் ஒரு முனையில் மட்டும் மின்சாரம் வாங்குகிற ரகமும் உண்டு, இரு முனையிலும் வாங்குகிற ரகமும் உண்டு. ஒன்றுக்குப் போட்ட வயரிங்கில் மற்றதை மாட்டினால் டியூப் புகைந்துபோகலாம், ஷாக்கும் அடிக்கலாம். முழு ஃபிட்டிங்காகவே வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. விலையும் பெரிதாகக் கூடாது. எப்படியானாலும் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் கையால் செய்யுங்கள்.

மாட்டிய பிறகு, அணைத்தாலும் இருட்டில் மினுக் மினுக்கென்று லேசாக எரிகிறதா? சுவிட்சில் இருக்கும் சின்ன இண்டிகேட்டர் விளக்கு காரணமாக இருக்கலாம். அது தொந்தரவு மட்டும். சுவிட்ச், கரண்ட் வருகிற ஃபேஸ் கம்பியில் இல்லாமல் திரும்புகிற நியூட்ரல் கம்பியில் போடப்பட்டிருந்தாலும் இப்படித்தான் எரியும். அது ஆபத்து. சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். உடனே மாற்றச் சொல்லுங்கள்.

தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரவில் வோல்டேஜ் இறங்கும்போது சோக் போட்ட டியூப் லைட் எரிய மறுத்து அடம்பிடிக்கும். நல்ல எல்இடி 120, 130 வோல்ட்டிலும் எரியும். இடி மின்னல் நேரத்தில் திடீரென்று ஏறுகிற வோல்டேஜைத் தாங்குமா என்பதையும் பெட்டியில் பாருங்கள். 4 கேவி, அதாவது 4,000 வோல்ட் வரை பாதுகாப்பு இருந்தால் தோட்டத்துக்கு நல்லது.

வெள்ளைச் சுவரும் கண்ணாடி ஓடும்

நம் பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் பகலில் விளக்குப் போடும் பேச்சே கிடையாது. நடுவே திறந்த தொட்டி, ஆசாரத்தில் இரண்டு கண்ணாடி ஓடு, சுண்ணாம்பு அடித்த சுவர். இப்போது கட்டுகிற வீட்டில் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி ஜன்னல் வைத்துவிட்டு, பகல் பதினொரு மணிக்குச் சமையலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறோம்.

வெள்ளைச் சுவரும் வெள்ளைக் கூரையும் தம் மேல் படுகிற வெளிச்சத்தில் பெரும் பங்கைத் திருப்பித் தரும். கரும் பழுப்பு லேமினேட் விழுங்கிவிடும். ஒரே அறையில் ஒரே விளக்கை வைத்துக்கொண்டு சுவரை மட்டும் மாற்றினாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பொங்கல் நோம்பிக்கு வெள்ளையடிக்கும்போது சமையலறைக் கூரைக்கும் ஒரு கோட் அடித்து, அப்படியே விளக்குகளையும் ஈரத்துணியால் துடையுங்கள். விளக்குக்கென்று தனியாகச் செலவில்லாமல் வெளிச்சம் கூடுகிற வழி இது.

'எல்இடிதானே' என்கிற புதுச் செலவு

புது வீட்டு ஹாலில் ஜிப்சம் சீலிங் போட்டு, ஓரத்தில் ஒளித்துவைத்த ஸ்ட்ரிப் லைட்டும் நடுவில் வரிசையாகக் குழி விளக்குகளும் வைக்கிறார்கள். கேட்டால், "எல்இடிதானுங்களே, என்ன பெரிதாக எரிந்துவிடப் போகிறது" என்பார்கள். 14-க்கு 12 அடி ஹாலின் சுற்றளவு 52 அடி, ஏறக்குறைய 16 மீட்டர். மீட்டருக்கு 10 வாட் ஸ்ட்ரிப் என்றால் 160 வாட். சோக் போட்ட பழைய டியூப் லைட் மூன்று எரிவதைவிட அதிகம். அந்த வெளிச்சமும் கூரையில் முட்டித் திரும்பி வருவதால் பேப்பர் படிக்கப் போதாது. படிக்க வேறு விளக்குப் போட வேண்டும்.

ஆசை இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், விருந்தாளி வரும்போது அழகாகத்தான் இருக்கும். ஸ்ட்ரிப்புக்கும் குழி விளக்குக்கும் தனித்தனிச் சுவிட்ச் இருக்கட்டும். நாற்காலிக்குப் பக்கத்தில் படிக்க 9 வாட் விளக்கு ஒன்று வையுங்கள். அன்றாடம் எரியப் போவது அதுதான்.

கம்பெனிக்கு வருவோம்

திருப்பூர்ப் பக்கம் 60 டியூப் லைட் போட்ட பனியன் கம்பெனி ஒன்று. ஒன்றுக்கு 50 வாட், நாளைக்கு 12 மணி நேரம், மாதம் 26 நாள். 20 வாட் எல்இடிக்கு மாறினால் மாதம் 560 யூனிட் குறையும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 4,480 ரூபாய். ஃபிட்டிங் ஒன்று 250 ரூபாய் என்றால் 15,000 ரூபாய் முதலீடு நான்கு மாதத்துக்குள் திரும்பிவிடும். வட்டிக் கணக்கு அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆனால் 60-க்கு 60 மாட்டுவதற்கு முன் நிறுத்தி யோசிக்க வேண்டும். தையலுக்கு வெளிச்சம் வேண்டிய இடம் ஊசி முனை. ஓர் இடத்தில் விழுகிற வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள்; அங்கே 500 முதல் 1000 லக்ஸ் வரை வேண்டும். நடைபாதைக்கு 100 லக்ஸ் போதும். 14 அடி உயரக் கூரையில் விளக்கை மாட்டி ஊசி முனைக்கு அவ்வளவு வெளிச்சம் கொண்டுவர நினைத்தால், யாரும் தைக்காத இடத்துக்கெல்லாம் சேர்த்து வெளிச்சம் கொட்ட வேண்டியிருக்கும். ஆகவே லைனுக்கு (மெஷின் வரிசைக்கு) மேலே சேனல் போட்டு, தரையிலிருந்து 7, 8 அடி உயரத்துக்கு விளக்கை இறக்குங்கள். ஓவர்லாக், ஃபிளாட்லாக் மெஷின்களில் ஊசிக்குப் பக்கத்தில் ஒட்டுகிற இரண்டு மூன்று வாட் சின்ன விளக்கு வையுங்கள். கூரையில் பாதி விளக்கைக் கழற்றிவிடலாம். ஒரு லக்ஸ் மீட்டர் வாங்கி, மெஷின் தட்டின் மேல் வைத்து, முன்னும் பின்னும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். போனில் இருக்கும் செயலி தோராயமாகத்தான் காட்டும். ஓரிடத்தை இன்னோரிடத்தோடு ஒப்பிட மட்டும் ஆகும்.

அடுத்தது சுவிட்ச். பல கம்பெனிகளில் வாசலில் ஒரே எம்சிபி சுவிட்ச். அதைத் தட்டினால் தளம் முழுக்க எரியும். ஆறு லைனில் இரண்டு மட்டும் ஓவர்டைம் பார்க்கும் இரவிலும் ஆறும் எரியும். லைனுக்கு ஒரு இழுப்புச் சுவிட்ச், ஜன்னலோர வரிசைக்குத் தனிச் சுவிட்ச். டீ நேரத்தில் லைன் சூப்பர்வைசர் கயிற்றை இழுத்தால் முடிந்தது. சென்சார் போடுவதென்றால் ஸ்டோர், கழிப்பறை, படிக்கட்டில் போடுங்கள். தையல் லைனில் வேண்டாம். டெய்லர் அசையாமல் உட்கார்ந்து நூல் கோக்கும்போது அணைந்து தொலைக்கும்.

இனி, மிச்சம் பிடிக்கப் போய் நஷ்டம் வருகிற இடம்: செக்கிங்கும் ஷேடு (நிறச் சாயல்) பார்ப்பதும். சாயப்பட்டறையிலிருந்து வந்த இரண்டு ரோல் துணி ஒரு விளக்கில் ஒரே நிறமாகத் தெரியும், வேறு விளக்கில் ஒன்று சற்றே சிவப்பாகத் தெரியும். அதனால்தான் நிறத்தை ஒப்பிடுகிற லைட் பாக்ஸில் டி65, டிஎல்84 என்று தனித்தனி விளக்கு வைத்துப் பார்க்கிறார்கள். முன்னது பகல் வெளிச்சத்துக்கு ஈடு. பின்னது ஐரோப்பியக் கடைகளில் இருந்த ஒரு வகை டியூப் லைட்டுக்கு ஈடு. ஆர்டர் கொடுத்த பையர் எந்த விளக்கைச் சொல்லியிருக்கிறாரோ அதில்தான் ஷேடு ஒப்புக்கொள்ளப்படும். ஆகவே லைட் பாக்ஸில் கை வைக்காதீர்கள். பையர் எழுத்தில் சொன்னால் ஒழிய அந்த டியூபுகளை எல்இடியாக மாற்ற வேண்டாம். அவை தின்கிற மின்சாரமும் சொற்பம். செக்கிங் டேபிளுக்கு மேலே மாட்டுகிற எல்இடிக்கு, நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்கிற சிஆர்ஐ 90 இருக்கட்டும். பெட்டியில் சிஆர்ஐ 70 என்று போட்ட மலிவு ரகத்தை அங்கே மாட்டினால், கறையும் ஷேடு வித்தியாசமும் கண்ணில் படாமல் பெட்டிக்குள் போய்விடும். ஒரு ஷிப்மென்ட் திரும்பி வந்தால் பத்து வருட விளக்கு மிச்சமும் அதில் கரைந்துபோகும். ஈரோட்டிலும் கரூரிலும் துணி வாங்கி விற்கிறவர்களுக்கும் இதே பேச்சுத்தான்.

கோயம்புத்தூர் லேத் பட்டறைக்காரர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். சோக் போட்ட டியூப் லைட்டும் மட்டமான டிரைவர் உள்ள எல்இடியும் நொடிக்கு 100 முறை விட்டுவிட்டு எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சில வேகங்களில், வேலைப் பொருளைப் பிடித்துச் சுழல்கிற சக்கு நின்றுபோனது போலவோ மெதுவாகச் சுற்றுவது போலவோ காட்டும். கையை விட்டால் விரல் போய்விடும். போன் கேமராவை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். திரையில் கறுப்புக் கோடுகள் ஓடினால் அந்த விளக்கைப் பட்டறைக்கு வாங்காதீர்கள்.

விசைத்தறிக் கூடங்களில் பஞ்சுத் தூசி விளக்கின் மேல் போர்வை போலப் படியும். வாரம் ஒரு முறை துடைக்காமல், வெளிச்சம் போதவில்லை என்று கூடுதலாக இரண்டு விளக்கு மாட்டுவது வழக்கமாகிவிட்டது. தகரக் கூரை உள்ளவர்கள் நூற்றுக்கு ஐந்து பங்கு பரப்பில் ஒளி புகும் பாலிகார்பனேட் தகடு போட்டால் பகல் ஷிஃப்டில் பெரும்பாலான விளக்கை அணைத்துவிடலாம். முடிந்தவரை வடக்குச் சரிவில் போடுங்கள், வெயில் நேரே இறங்காது.

கடை, அலுவலகம், கோழிப்பண்ணை

ஏசி போட்ட ஜவுளிக்கடையில் விளக்கு இரட்டைச் செலவு. விளக்கு தின்கிற மின்சாரம் எல்லாம் கடைசியில் சூடாக மாறி, அதையும் ஏசி வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. விளக்கில் 3 வாட் குறைத்தால் ஏசியில் ஏறக்குறைய 1 வாட் குறையும். காட்சி அலமாரியில் இன்னும் 50 வாட் ஹாலஜன் இருந்தால் 7 வாட் எல்இடி போதும். பெயர்ப் பலகைக்கு டைமர் வையுங்கள். ஆளரவமில்லாத தெருவில் இரவு ஒரு மணிக்கு யாருக்காக எரிகிறது?

அலுவலகத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு. கட்டட எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பின் 2017 பதிப்பு சதுர மீட்டருக்கு 9.5 வாட் என்று வரம்பு வைத்தது. ஆயிரம் சதுர அடிக்கு ஏறத்தாழ 880 வாட். நல்ல எல்இடியில் பாதியிலேயே முடித்துவிடலாம்.

நாமக்கல் பண்ணைகளில் முட்டைக் கோழிக்குப் பகலும் விளக்கும் சேர்த்து நாளைக்கு 16 மணி நேரம் வெளிச்சம் தருகிறார்கள். ஆகவே அங்கே நேரத்தைக் குறைக்க வழியில்லை, வாட்டைத்தான் குறைக்க வேண்டும். மஞ்சள் சாயல் எல்இடியும், ஒரு நாள்கூட மணி மாறாத டைமரும், அமோனியாவும் தூசியும் புகாத மூடிய ஃபிட்டிங்கும் வேண்டும். ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றாமல் ஒரு ஷெட்டில் மாட்டி, முட்டைக் கணக்கைச் சில வாரம் பார்த்துவிட்டு அடுத்த ஷெட்டுக்குப் போங்கள்.

கழற்றியதை என்ன செய்வது?

டியூப் லைட்டிலும் சிஎஃப்எல்லிலும் பாதரசம் இருக்கிறது. குப்பைத் தொட்டியில் வீசி உடைக்கவோ, குப்பையோடு சேர்த்து எரிக்கவோ கூடாது. புது டியூப் வந்த அட்டை உறையிலேயே பழையதைப் போட்டு, மின்கழிவு வாங்குகிற பதிவு பெற்றவர்களிடம் கொடுங்கள். வீட்டில் உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவைத்து, குழந்தைகளோடு கால் மணி நேரம் வெளியே இருங்கள். பிறகு துடைப்பம் போடாமல் கெட்டி அட்டையால் ஒதுக்கி, ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுத்து ஒரு டப்பாவில் மூடிவையுங்கள். இரும்புச் சோக்கில் செம்புக் கம்பி இருப்பதால் பழைய இரும்புக்காரர் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார்.

அடுத்த பில் வந்ததும் முந்திய பில்லோடு ஒப்பிடாதீர்கள். பங்குனி, சித்திரை மாதங்களில் ஏசியும் மின்விசிறியும் ஏற்றிவிடும், விளக்கில் மிச்சமானது தெரியாமல் போகும். போன வருடம் இதே இரண்டு மாதத்தில் ஓடிய யூனிட்டோடு ஒப்பிடுங்கள்.